பையில் இருந்த நூல்

ஸ்ஃபாக்ஸ்

அக்கா,

மஹ்ரெஸியாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி எழுதியிருக்கிறாய். கேட்க மாட்டேன்.

அன்று அறுவை மேசையில் இருந்த குழந்தைக்கு ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் மெல்லிய தையல்நூல் கேட்டார். "தீந்துபோச்சு டாக்டர், அல்லா காலிப்" என்றாள் தலைமை நர்ஸான அவள். நம் கையில் என்ன இருக்கிறது என்று ஊரே சொல்வதுபோலச் சொன்னாள். கையில் இல்லைதான், உறை பிரிக்காமல் அவள் சட்டைப் பையில் இருந்தது. எல்லார் முன்பும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். குழந்தை பிழைத்தது.

என்னைச் சலவைக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மாற்றியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. அவர்கள் சட்டையெல்லாம் துவைக்க இங்கேதான் வருகிறது, பாதிப் பேர் பையைக் காலி செய்வதே இல்லை. கிடைக்கும் நூல் உறைகளையெல்லாம் தட்டில் பரப்பி, தினமும் நானே ஆபரேஷன் தியேட்டரில் கொண்டுபோய் வைக்கிறேன்.

"இதெல்லாம் எங்கருந்துடி வருது?" என்றாள் மஹ்ரெஸியா நேற்று.

"அல்லா காலிப், சிஸ்டர்" என்றேன்.

சலவைக்கூடத்திலிருந்து,
உன் தங்கை