அக்காவின் வாக்கியம்

பிப்ரவரி 4, செவ்வாய்

நாற்பத்தொரு வயதில் மறுபடி மாணவி ஆனால் இப்படித்தான். மனித விருப்பத்தின் சுதந்திரம் பற்றி நாற்பது பக்கம் படிக்க உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் என் விருப்பம் சுதந்திரமாகத் தூங்கிவிட்டது. பதினைந்து வருடம் கணக்கு டீச்சராக இருந்து, தூங்கிய பிள்ளைகள் மேல் சாக்பீஸ் எறிந்த பாவம் சும்மா விடுமா?

காலையில் அத்தான் கேட்டார்: "கடவுளைப் பத்தி இன்னும் எத்தனை வருஷம் படிப்பே? அவரே தன்னைப் பத்தி இவ்வளவு படிச்சிருக்க மாட்டார்." அக்கா தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல் சிரித்தாள். பள்ளிச் சீருடை சீசன். வீடு முழுக்க நீலச் சட்டைகள், கை இல்லாமல், காலர் இல்லாமல். இறையியல் முதுகலை முடியும்வரை மாடியறை எனக்கு என்று கொடுத்திருக்கிறார்கள். நல்ல மனசு, இரண்டு பேருக்கும்.

பிப்ரவரி 7, வெள்ளி

அறநெறி வகுப்பில் இன்று என் கட்டுரை. உண்மையில் நடந்த ஒன்றை, ஆள் அடையாளம் தெரியாமல் மாற்றி எழுதவேண்டும் என்பது எங்கள் வகுப்பின் வழக்கம். எல்லோருக்கும் ஒரு பிரதி. அவரவர் தீர்ப்பைப் பென்சிலால் ஓரத்தில் எழுதித் திருப்பித் தருவார்கள்.

நான் எழுதியது அக்காவுடையதை. போன வருடம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். படுக்கையில் கிடந்த மாமியாரை நான்கு வருடம் பார்த்தவள். கடைசி நாள் மதியம் அவர் கூப்பிட்டபோது எழுந்து போகவில்லை. மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். கால் மணி கழித்துப் போனபோது உயிர் இல்லை. அத்தானுக்கு இது தெரியாது. என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பெண்ணை ஆணாக்கினேன், மாமியாரை அப்பாவாக்கினேன், தையலைத் தச்சு வேலையாக்கினேன். செய்யாமல் விட்டதும் பாவம்தானா, களைப்பு எவ்வளவு தூரம் குற்றத்தைக் குறைக்கும் என்று பதினெட்டு பக்கம். நெறியாளர் அம்மா படித்துவிட்டு, ஆய்வேட்டின் நடு அத்தியாயம் இதுதான் என்றார். கால் தரையில் பாவவில்லை எனக்கு.

பிப்ரவரி 13, வியாழன்

பிரதிகள் திரும்பி வந்தன. எதற்கெடுத்தாலும் 'ஆகவே' போடும் சகமாணவருக்குத் தர்க்கம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் எழுதியிருப்பது: "காதில் விழுந்தது. எழ முடிந்தது. எழவில்லை. ஆகவே குற்றம் முழுமையானது." கெட்டிக்காரர். நாளைக்குப் பதில் சொல்லியாகவேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

சொந்தச் செலவில் சூனியம்.

தர்க்கத்தின் பிரதியை வீட்டு மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். நானேதான் அக்காவுக்குப் போன் செய்தேன். தையல் நூல் வாங்க இந்தப் பக்கம் வருகிறாளே, அப்படியே கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று. எவ்வளவு புத்தி!

கல்லூரி வாசலில் தாள்களை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் மாத்திட்டே. நான் சொன்னதை மட்டும் ஏன்டி மாத்தலை?"

போய்விட்டாள்.

முதல் பக்கத்திலேயே இருக்கிறது, மேற்கோள் குறிக்குள், அன்று அவள் சொன்னபடியே: "கூப்பிட்ட குரலுக்குக் காது போச்சு, கால் போகலை." ஏன் மாற்றவில்லை? அதைவிட நல்ல வாக்கியம் எனக்கு எழுத வரவில்லை — வேறு காரணமே கிடையாது. பதினெட்டு பக்கத்தில் உயிருள்ள ஒரே வரி, அதுவும் என்னுடையது இல்லை.

பஸ்ல தனியா உட்கார்ந்து படிச்சிருக்கா. குற்றம் முழுமையானதுன்னு. நாற்பது நிமிஷம். ஐயோ, நான் என்ன மனுஷி?

பிப்ரவரி 15, சனி

பேசவில்லை. எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும், அத்தான் வெளியே போன நேரம் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். என் நோக்கம் கெட்டதில்லை, அடையாளத்தை மறைத்திருந்தேன், இந்த விளைவை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்றையும் வரிசையாகச் சொன்னேன்.

துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி நிற்கவில்லை.

"மன்னிப்புக் கேக்கறியா, பரீட்சை எழுதறியா?"

துணியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அவர்கிட்ட சொல்லிடாதே" என்றாள். அதுதான் தாங்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் அப்படிச் சொல்லவேண்டிய அவசியமே அவளுக்கு இருந்ததில்லை.

பிப்ரவரி 19, புதன்

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று நெறியாளர் அம்மாவிடம் சொன்னேன். காரணம் கேட்டார். காரணத்தைச் சொன்னால் மறுபடி அதே தப்பு. சொல்ல முடியாதும்மா என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும், யோசித்துக்கொள் என்றார். யோசித்துவிட்டேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, நூலகத்துக் கழிவறையில் போய் அழுதேன். ஆசை ஆசையாக எழுதியது.

பிப்ரவரி 21, வெள்ளி

தர்க்கம் படிக்கட்டில் நிறுத்தினார். பதிலுக்குக் காத்திருக்கிறாராம். கட்டுரையே இல்லை என்றேன். அவர் மெதுவாகக் கேட்டார்:

"அந்தத் தச்சர் இப்ப எப்படி இருக்கார்?"

பதினெட்டு பக்கம் எழுதிய நான் கேட்கவில்லை. ஓரத்தில் எழுதிய ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த மதியத்துக்குப் பிறகு அந்த மனுஷி எப்படித் தூங்குகிறாள், மெஷின் முன்னால் உட்காரும்போதெல்லாம் காதில் என்ன விழுகிறது? ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு, நானும்தான் கேட்கவில்லை.

"நல்லா இல்லை" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். இந்தத் தடவை ஆகவே வரவில்லை.

மார்ச் 1, சனி

பிரதிகளை எல்லாம் கிழித்துப் போட்டேன். கட்டுரையை விட்டதை அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால், நான் இதைக் கொடுத்தேன், நீ மன்னிப்பைக் கொடு என்று பேரம் பேசினதாகிவிடும்.

கீழே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, தப்பு பண்ணிட்டேன்."

"தெரியும்" என்றாள். எழுந்து போ என்று சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிடும்போது அத்தான், பட்டமளிப்பு விழா எந்த மாதம், லீவு சொல்லவேண்டும் என்றார். அடுத்த வருடம்தான் என்றேன். "ஏன், கடவுள் பெயிலாக்கிட்டாரா?" ஒரு கட்டுரை சரியாக வரவில்லை, எடுத்துவிட்டேன் என்றேன்.

அக்கா என்னை நேராகப் பார்த்தாள், மூன்று வாரத்துக்குப் பிறகு. போதும் போதும் என்று தட்டைக் கையால் மறைத்தேன். கையைத் தள்ளிவிட்டு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மார்ச் 12, புதன்

நடு அத்தியாயத்துக்குப் புதுத் தலைப்பு யோசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மண்டை காலி. ஆனால் நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 22, சனி

அத்தான் ஊரில் இல்லை. திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய சட்டைகள் மலையாகக் கிடந்தன. மதியம் மாடிப்படிக்குக் கீழே நின்று, "ஏய் சாமியாரம்மா, பட்டன் தைக்க வர்றியா?" என்று குரல் கொடுத்தாள். விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன்.

தைக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பேசத் தொடங்கினாள். நிறையப் பேசினாள். நடுவில் இரண்டு தடவை அழுதாள், ஒரு தடவை சிரித்தாள். எழுதாதே என்று சொல்லவில்லை.

பதினாறு சட்டைக்குப் பட்டன் தைத்தேன். நான்கைப் பிரித்து மறுபடி தைக்கச் சொன்னாள்.