அக்காவின் எலும்பு முறிந்த சத்தம்

மார்ச் 3

இது நடக்கும் என்று முன்பே சொன்னவன் நான். போன மாதமே அக்காவின் நடையைப் பார்த்து, இடுப்பு மூட்டைக் கவனி என்றேன். யார் கேட்டார்கள்? இன்று காலை குளியலறை வாசலில் விழுந்துவிட்டாள். தொடை எலும்பின் கழுத்துப் பக்கம், மேல்முனை உருண்டைக்குக் கீழே, முறிவு. விழுந்ததால் முறியவில்லை, முறிந்ததால்தான் விழுந்தாள். சும்மா நின்றவளின் இடுப்பில் 'டப்' என்று ஒரு சத்தம். மூன்றடி தள்ளி நின்று கண்ணால் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இதை நான் சொல்ல, டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

மார்ச் 5

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முறிந்த உருண்டையை எடுத்துவிட்டு உலோக உருண்டை வைத்திருக்கிறார்கள். இடுப்பு மூட்டு கிண்ணத்தில் பந்து உட்கார்ந்த மாதிரி, எந்தப் பக்கமும் சுழலும். முழங்கால் கதவுக் கீல் மாதிரி, மடங்கும், நிமிரும், அவ்வளவுதான். முப்பது வருடம் கதவுக்குக் கீல் மாட்டியவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். உடம்பில் இருநூற்றுப் பத்து எலும்பு என்றேன். டாக்டர் இருநூற்றாறு என்றார். படித்த மனிதர், நாலை விட்டுக்கொடுத்தேன்.

மார்ச் 8

பிசியோதெரபிக்காரப் பெண் வந்து நடக்கச் சொன்னாள். அக்கா காலையே ஊன்றவில்லை. சும்மா நின்றபோதே ஒடிந்த எலும்பு, இன்னொரு காலும் ஒடிந்தால் என்ன செய்வது என்கிறாள்.

மார்ச் 9

இன்றும் எழவில்லை.

மார்ச் 12

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். நான் சொன்ன சத்தத்துக்காகவே எலும்பின் உறுதியைத் தனியாகச் சோதித்தார்களாம். வயதுக்கு நல்ல எலும்பு, வழுக்கி விழுந்த முறிவு மாதிரிதான் தெரிகிறது என்றார் டாக்டர். அக்கா முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "டாக்டர் படத்துல பார்த்தாரு. என் தம்பி கண்ணால பார்த்தான்."

அறுபது வருடமாக இந்த வீட்டில் என் பேச்சை ஒருத்தரும் நம்பியதில்லை. நம்ப இதுதானா கிடைத்தது?

மார்ச் 16

அக்கா மகள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது. இப்படியே கிடந்தால் தசை வற்றிவிடும், மூட்டு இறுகிவிடும், அம்மா நிரந்தரமாகப் படுக்கைதான் என்றாள். "நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க மாமா."

போய்ச் சொன்னேன். எலும்பு உயிருள்ளது, பாரம் தாங்கத் தாங்கத்தான் உறுதியாகும், விண்வெளிக்குப் போகிறவனுக்கே பாரமில்லாமல் எலும்பு கரைகிறது, அப்படிப்பட்ட ஒருத்தர் வீட்டுக்கு நான்தான் கதவு மாட்டினேன் என்றெல்லாம்.

"அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நீ. நீயே என்னை நடக்கச் சொல்றியா?"

எழுத ஒன்று இருக்கிறது— வேண்டாம்.

மார்ச் 18

சொல்லிவிட்டேன். அக்கா மகளும் பிசியோதெரபிக்காரப் பெண்ணும் இருக்கும்போதே.

"நான் எதையும் பார்க்கலக்கா. சத்தமும் கேக்கல. மொட்டை மாடியில நின்னுக்கிட்டிருந்தேன். அதுக்கு முன்னாடிதான் பாத்ரூம் கதவு கத்துதேன்னு கீலுக்கு எண்ணெய் விட்டேன். தரையில சொட்டினதைத் துடைக்கல. நீ வழுக்கித்தான் விழுந்த. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள துடைச்சுட்டேன்."

அக்கா என்னையே பார்த்தாள்.

"அப்போ என் எலும்பு நல்ல எலும்புதானாடா?"

தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவள் திட்டியது இந்த நோட்டுக்கு அடங்காது. மூச்சு வாங்கியதும் வாக்கரைப் பக்கத்தில் இழுக்கச் சொன்னாள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள எழுந்தாள். பத்தடி நடந்தாள்.

இல்லை. நாலடி. நானே எண்ணினேன்.

மார்ச் 29

அக்கா வாக்கரோடு குளியலறைக் கதவுவரை போனாள். தரையை உற்றுப் பார்த்தாள். கதவை இரண்டு தரம் ஆட்டினாள். சத்தமில்லை. "வேலை மட்டும் சுத்தம்டா உனக்கு," என்றாள். என்னோடு பேசிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

மூன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். அந்தச் சத்தம் பொய் என்று ஓரத்தில் எழுதினேன். இன்னொன்றும் பாக்கி. போன மாதம் அவள் நடையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் நடந்து போனபோதெல்லாம் நான் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.