பிலோமினா அக்கா முடிந்துவைத்த சாவி

அன்பு மாறாத பிலோமினா அக்காவுக்கு,

வரிசை போடாமல் எனக்கு எழுத வராது. சிரிக்காதீர்கள்.

1. உங்கள் பெயரில் நடந்த விழா.
2. பூட்டிக் கிடக்கும் அறை.
3. உங்களுக்குப் பிறகு அந்தத் துணிச்சல் யாருக்கும் இல்லை என்பது.

போன வாரம் நம் சரக்கு ஏஜென்சியில் 'எல்லோருக்குமான பணியிடம்' என்று விழா. துறைமுகத்தில் மூட்டை எண்ண வந்த முதல் பெண் என்று உங்கள் படத்துக்கு ரோஜா மாலை. மேலாளர் 'சமத்துவம்' என்று பதினோரு முறை சொன்னார். எண்ணினேன், அதுதானே நம் தொழில். உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தும் தப்பாகப் படித்தார் அந்த மேதை.

விழாவின் பேனரும் நாற்காலிகளும் ஒரு மாதமாக எங்கே கிடந்தன தெரியுமா? நீங்கள் போராடி வாங்கிய பெண்கள் கழிப்பறையில். அது இப்போது ஸ்டோர் ரூமாம். நிலக்கரித் தூசியில் நிற்கும் பெண்கள், பழையபடி சாயங்காலம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. சமத்துவத்தைப் பற்றிப் பேச மட்டும் ஏசி போட்ட அரங்கம்.

அன்று மனு கொடுத்துச் சலித்து, பழைய மேலாளரின் கழிப்பறைச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டீர்களே! "சாயங்காலம் வரைக்கும் பொறுங்க அண்ணாச்சி. நாங்க தினமும் பொறுக்கோம்லா?" மத்தியானத்துக்குள் அவர் நெளிந்த நெளிவு! அந்த மாதமே பெண்கள் கழிப்பறைக்குச் சுவர் எழும்பியது. "சாவி எங்கவே?" என்று அவர் என்னைக் கேட்டபோது, "தெரியாது சார்" என்றேன். என் வாழ்நாள் வீரம் அவ்வளவுதான். அதிலும் குரல் நடுங்கியது. இல்லையா?

விழாவிலும் அப்படித்தான். பூட்டிய அறையைப் பற்றி மெல்ல ஆரம்பித்தேன். "ஃபங்ஷன் முடியட்டும் அண்ணாச்சி" என்று மேலாளர் முதுகில் தட்டினார். நானும் உட்கார்ந்துவிட்டேன். என்னை நானே காறித் துப்பலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேலாளர் தன் அறைக்கு விரைந்தார், உடனே திரும்பி வந்தார். உள்ளே கழிப்பறை பூட்டியிருந்ததாம். மூட்டை எண்ணும் ஜெசிந்தா துப்பட்டா முடிச்சைத் தூக்கிக் காட்டினாள்.

"சாவி இங்கன இருக்கு சார். எங்க ரூமக் காலி பண்ணுங்க, தாரேன்."

"ஏளா, விளையாடுதியா?"

"இப்பதான மாலை போட்டீங்க? அந்தக்கா செஞ்சதத்தான் செய்யுதேன்."

அவள் உங்களைப் பார்த்ததே இல்லை. அந்தக் கதையைப் பெண்கள் சாப்பிடும்போது ஒருத்திக்கொருத்தி சொல்லி வருகிறார்களாம்.

மேலாளர் என்னிடம் திரும்பினார். "பெரியவரே, நீங்களாவது வாங்கிக் குடுங்க."

"நாற்காலியத் தூக்கச் சொல்லுங்க சார்" என்றேன். நடுக்கம் இருந்தது, சத்தமும் இருந்தது. கால் மணி நேரத்தில் அறை காலி.

இனி திங்கள்தோறும் போய் அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பூட்டியிருந்தால் சத்தம் போடுவேன், அக்கா.

மையால் எழுதியதை அடித்துப் பழக்கமில்லை, அதனால் மேலே அப்படியே நிற்கிறது. மூன்றாவதாக எழுதியது தவறு.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
சுடலைமுத்து