இரண்டாவது பீர்க்கங்காய்

சீனன்குடா
20.9.1981

அன்பு மகள் நஜ்முன் நிஸாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் மருமகனும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், குவைத்தில் நீயும் அப்படியே இருக்க வேணும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன். மதிலுக்கென்று நீ அனுப்பிய காசு கிடைத்தது. மருமகன் தாஹிர் சீமெந்து வாங்கி விறாந்தையில் அடுக்கியும் விட்டார். ஆனால் மகள், மேசனை வர வேண்டாம் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். கோபப்படாமல் கடைசி மட்டும் வாசி.

உன் பிள்ளை றம்ஸியா இரண்டாம் வகுப்பில் எல்லாரையும் விட நன்றாக வாசிக்கிறாள், டீச்சரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், நான் அதைக் கடைக்காரர் வரைக்கும் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லையும் தட்டமாட்டாள். அதுதான் அன்றைக்கு ஆபத்தாகப் போனது. நீ போகும்போது நட்ட பீர்க்கங்கொடி வேலி முழுக்கப் படர்ந்துவிட்டது. விதைக்கென்று ஒரு காயைப் பறிக்காமல் முற்ற விட்டிருந்தேன். சில நாளில் பக்கத்திலேயே இன்னொரு காய் காய்ந்து தொங்குவதைக் கண்டேன், அதே நீளம், அதே சாம்பல் நிறம், அதே வரி. நான் ஒன்று விட்டால் அல்லாஹ் இரண்டாகத் தந்திருக்கிறான் என்று சந்தோசப்பட்டு, இரண்டையும் யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் கட்டளையும் போட்டேன். அந்த இரண்டாவது காய் குளவிக் கூடு என்று எனக்குத் தெரியாது மகள். வேலித் தடியைச் சுரண்டிக் கட்டியதாம், அதனால் வேலியின் நிறமே அதற்கும். நம் பக்கம் வெறும் முதுகு, குளவியெல்லாம் இருந்தது மற்றப் பக்கத்தில், வேலிக்கு அங்கால் சிவக்கொழுந்து வீட்டுப் பக்கத்தில்.

போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டுக் குசினிக்குள் நிற்கிறேன். காய் நன்றாக முற்றிவிட்டது, இனிப் பறிக்கலாம் என்று காலையில் நான் சொன்னதைப் பிள்ளை கேட்டிருக்கிறாள். உனக்குப் பீர்க்கங்கூடு அனுப்பினால் நீ அந்த நாரைத் தேய்த்துக் குளிப்பாய் என்று கதிரையை இழுத்துக்கொண்டு போய் ஏறி, கையை நீட்டியிருக்கிறாள். வேலிக்கு அங்கால் முற்றம் கூட்டிக்கொண்டு நின்ற சிவக்கொழுந்து, பிள்ளை கையை எடு, அது காயில்லை குளவி என்று கத்தியிருக்கிறா. நம்முடைய றம்ஸியா திரும்பியும் பார்க்கவில்லை. அந்த வீட்டு ஆக்களோடு கதைக்கக் கூடாது என்று நாம் எல்லாருமாகச் சொல்லி வைத்ததுதானே. அந்த மனுசி வேலியில் கட்டிய தென்னோலைக் கிடுகைக் கிழித்துக் கையை விட்டு, பிள்ளையின் கையைத் தட்டிவிட்டா. கூடு அவவின் தோளில் உரசி, குளவி எல்லாம் அவவைத்தான் சூழ்ந்துகொண்டது. உன் பிள்ளைக்கு ஒரு கொட்டும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

சிவக்கொழுந்துக்கு முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை, மூச்சும் இழுக்கத் தொடங்கிவிட்டது. தாஹிர்தான் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், நான் அவவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஊசி போட்ட பிறகு கொஞ்சம் தெளிந்து என்னை அடையாளம் கண்டதும், என்ன ராத்தா, உங்கட விதைக்காயைக் களவெடுக்க வந்தனான் எண்டு நினைச்சியளோ என்றா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

நீ போகிறதற்கு முன் நடந்த வேலிச் சண்டையில் அவ சொன்ன சொல் உனக்குள் இன்னும் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். பெத்த பிள்ளையை விட்டிட்டுப் போறவளுக்கு வேலி என்னத்துக்கு என்று கேட்டவதான். அந்தச் சொல்லுக்காகத்தானே அந்த முகத்திலேயே முழிக்காமல் மதில் எழுப்பச் சொன்னாய். ஆனால் கட்டிலில் கிடந்துகொண்டு அவவே அதை எடுத்துக் கதைத்தா. உங்கட மகளுக்கு எழுதுங்கோ ராத்தா, அண்டைக்கு நான் சொன்னது சரியில்லை, பிள்ளையை இந்தப் பக்கத்தால நானும் பாத்துக்கொள்ளுறன் எண்டு எழுதுங்கோ என்றா. சொன்னபடி எழுதியிருக்கிறேன்.

பிறகு தாஹிர் புகை போட்டுக் கூட்டை இறக்கினார். கையில் எடுத்துப் பார்த்தேன், கடதாசி போல் பாரமே இல்லை. ஓட்டைக்கு ஓட்டை வெள்ளைக் குஞ்சுகள், பாவமாகத்தான் இருந்தது. ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்தால் குஞ்சு தப்பும் என்று காய் போல் கட்டியிருக்கிறது. குளவிக்கு அது சரி மகள். நம்முடைய பிள்ளையை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேணும், நீ அங்கே இருக்கிறாய், எனக்குக் கண்ணும் மங்குகிறது. மதில் வந்திருந்தால் அன்றைக்கு யார் பார்த்திருப்பார்கள்?

வெயிலில் மொட்டை மாடியில் நிற்காதே, தண்ணீர் நிறையக் குடி, நீ வேலை செய்கிற வீட்டம்மா ஏசினாலும் சாப்பாட்டைத் தள்ளிவிடாதே. மெய்யான பீர்க்கங்கூட்டைப் பிள்ளை தன் கையாலேயே உரித்துக் கழுவி வைத்திருக்கிறாள், அங்கே வருகிற நம் ஊர் ஜவாஹிரிடம் கொடுத்துவிடுகிறேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பிள்ளையிடம் திரும்பி வரும் நல்ல நாளையும் தரட்டும். கிழிந்த கிடுகை இன்னும் கட்டவில்லை, அதற்குள்ளால்தான் இப்போது சுண்டலும் கஞ்சியும் போய் வருகிறது. காசு உன்னுடையது, உழைப்பு உன்னுடையது, ஆகவே உன் சொல்லுக்குக் காத்திருக்கிறேன். ஓம் என்று ஒரு வரி எழுது, அந்த இடத்தில் இரண்டு வீட்டாரும் போய்வர ஒரு படலை வைத்துவிடுகிறோம்.

என்றும் உனக்காகத் துஆ கேட்கும்
உன் உம்மா
அசனா உம்மா