பேய் செய்த சத்தியம்

வீட்டை விட்டுப் போனவருக்கு,

உட்கார்ந்து எழுத முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்துதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் கோபித்துக்கொண்டு போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. பேய்தான் பிடித்திருக்கிறது என்று அண்ணன் முற்றத்தில் பேயோட்டும் தொவில் ஆட்டம் வைத்தார். நீங்கள் முகமூடி கட்டி ஆடுகிற கூட்டத்தைத்தான் கூப்பிட்டார். நீங்கள் வரமாட்டீர்கள் என்றார்கள்.

விடியும் நேரத்தில், நோய் கொண்டுவருகிற சன்னிப் பேயின் பல் துருத்திய முகமூடியோடு ஒருவர் குதித்து வந்தார். மேளக்காரர் ஜினதாச வழக்கம்போல் பேயை வம்புக்கு இழுத்தார்.

"யாரடா நீ? இங்க என்னத்துக்கு வந்தாய்?"

"பசிக்குது குரு. ஆனா இவ வைக்கிற மீன்குழம்பு மட்டும் வேணாம். அந்தப் புளியத் திண்டு திண்டுதான் என்ட பல்லு இப்பிடி வெளியில வந்திட்டு."

நான் சிரித்துவிட்டேன். என் குழம்பை அப்படிப் பழிக்கிற வாய் இந்த ஊரில் ஒன்றுதான். நோயாளி சிரித்துவிட்டாள், நோய் போய்விட்டது என்று எல்லோரும் கும்பிட்டார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜினதாச விடவில்லை. "இனி இந்த வாசல மிதிக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு."

எல்லாப் பேயும் செய்கிற சத்தியம்தான். நீங்கள் ஏன் அதை அவ்வளவு மெதுவாகச் சொன்னீர்கள்? ஏன் முகமூடியைக் கழற்றாமலே போனீர்கள்?

எனக்குக் குணமாகிவிட்டதாம். நாய் குரைத்தால் வாசலுக்கு ஓடுகிறேன், அது அண்ணனுக்குத் தெரியாது.

சத்தியம் செய்தது பேய். அது காப்பாற்றட்டும். நீங்கள் வாருங்கள். இன்றும் மீன்குழம்புதான். புளியைக் குறைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பல்லைக் கெடுத்தவள்