கையை விலக்கச் சொன்ன சபைக்கு

மழை பிழையாது பெய்க. விழுந்தவர் எழுக. எழுந்தவர் நடக்க.

ஏழ்குன்ற நாட்டுக்கும் அதன் இரு கழிமுகங்களுக்கும் உரிய அரசி, சேந்தன் மரபின் மகள் நீலமங்கையாராகிய யாம், எம் நாட்டு வடகரை மாநகரத்து வைத்திய சபைத் தலைவர், பல நூல் கற்றவர், பொன் முத்திரை மோதிரம் அணிந்தவர், மதிசூடியாருக்கு விடுக்கும் ஓலை. உம் நகரத்து மாடங்களும் மதகுகளும் சந்தைகளும் வாழ்க. வழக்கப்படி உமது நலமும் கேட்க வேண்டும், கேட்டோம். கை கால் எல்லாம் சுகந்தானே? ஏன் கேட்கிறோம் என்பது உமக்கே தெரியும்.

கல்தச்சன் சடையனை நீர் அறியீர்; யாம் அறிவோம். எம் கொலுமண்டபத்துப் படிகளைச் செதுக்கியவன் அவன். வேலை முடியும் தறுவாயில் சாரம் சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே மரத்துப் போனவனை உற்றார் உம் நகரத்து அறச்சாலையில் சேர்த்தார்கள். ஆங்கே கூலி வாங்காமல் அவனை ஏற்றுக்கொண்டவர் பிடாரி நங்கையார். நடை இழந்தாரைப் பிடித்து நிறுத்தி, மூட்டுகளை மடக்கி நீட்டி, மறுபடி நடக்கப் பழக்கும் இயன்முறை வைத்தியத்தில் அவருக்கு நிகரில்லை என்று உமது சபையே முன்பு பட்டுச் சாத்திப் புகழ்ந்தது. சடையன் வருமுன்பே, வயதானதும் தொழிலை விட்டிருந்தார். விடுவோர் தொழில் உரிமைக்குரிய முத்திரை மோதிரத்தைச் சபையில் திருப்பி வைக்கும் வழக்கப்படி வைத்தார். மோதிரத்தைக் கழற்றினால் கைத்திறனும் கூடவே கழன்று போகுமா ஐயா?

அவர் ஒளித்தும் மறைத்தும் செய்யவில்லை. ஏழைகளுக்கு மட்டும், இலவசமாக, அறச்சாலைக்குள் மட்டும் தொட்டு வைத்தியம் செய்ய அனுமதி தாரும் என்று உம் வாசலுக்கு வந்து கேட்டார். நீர் சொன்ன மறுமொழியும் எம் செவிக்கு எட்டியது. முழு மோதிரம் வேண்டும், அதற்குப் புதிதாய்க் கற்றவரோடு அமர்ந்து தேர்வு எழுத வேண்டும், கடை விரித்துச் சம்பாதிப்போர் கட்டும் வரியையும் கட்ட வேண்டும் என்றீராம். காசே வாங்காதவர் எதற்கு ஐயா வரி கட்டுவது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது உம்மைப் பார்த்துத்தான் சொன்னது போலும்.

அதோடு விட்டீரா? காவலரை ஏவினீர். அவர்கள் நுழைந்தபோது சடையன் விழுந்த நாளுக்குப் பின் முதன்முறையாக நின்றுகொண்டிருந்தான். அவன் இரு கைகளும் நங்கையார் கைகளில் இருந்தன. கையை எடு என்று உம் ஆட்கள் அதட்டினர். இவனை உட்கார்த்திவிட்டு எடுக்கிறேன், சற்றுப் பொறுங்கள் என்று அவர் மன்றாடினார். பொறுத்தார்களா பாவிகள்! அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். சடையன் கல்தரையில் விழுந்தான். இப்போது முழங்கால் வீங்கிக் கிடக்கிறான். பழக்கம் நின்றால் மூட்டு இறுகும், இறுகினால் பிறகு எழுவது அரிது என்று நங்கையார் அறச்சாலைக்கு வெளியே நின்று அழுகிறாராம்.

மோதிரம் இல்லாதவர் நோயாளியைத் தொடலாகாது என்னும் விதியைக் காத்தோம் என்று எமக்கு எழுதியிருக்கிறீர். அந்த விதி எம்முடையது. ஒன்றும் தெரியாதவன் எலும்பைத் திருகி ஊனமாக்கக் கூடாது என்று யாம் இட்ட வேலி அது. இன்றும் அது வேண்டும். ஆனால் வேலி இட்டது பயிருக்காக. நீர் பயிரைப் பிடுங்கிவிட்டு வேலிக்கு நீர் பாய்ச்சுகிறீர்.

ஆகையால் ஆணையிடுகிறோம். பழுதின்றித் தொழில் செய்து ஓய்ந்த இயன்முறை வைத்தியர் எவரும் கேட்டால், ஓய்வுக்குரிய செப்பு மோதிரம் வரியின்றித் தரப்படுக. அதை அணிந்தவர் அறச்சாலையில் மட்டும், கூலி பெறாது, தம் பழைய தொழிலைச் செய்க. கூலி பெற்றாலோ பிழை செய்தாலோ மோதிரம் திரும்பப் பெறப்படுக. ஆண்டுக்கொருமுறை சபையார் சென்று அவர் கை வன்மையைக் காண்க. முதல் செப்பு மோதிரத்தை நீரே அறச்சாலை வாசலுக்கு நடந்து சென்று, பிடாரி நங்கையாரிடம் பிழை பொறுக்கக் கேட்டு, அவர் விரலில் இடுக. பின்பு அவர் சொல்கிறபடி, சடையன் எழும் ஒவ்வொரு முறையும் உமது தோளை அவனுக்குக் கொடும்.

இவ்வோலைக்கு மறுமொழியைக் குதிரை வீரரிடம் அனுப்ப வேண்டாம். சடையன் கொண்டு வரட்டும். தான் செதுக்கிய படிகளில் தன் காலால் ஏறி வந்து எம் கையில் தரட்டும். அதுவரை உமது பொன் மோதிரம் எம் கருவூலத்தில் இருக்கும்.

ஏழ்குன்ற முத்திரை இட்டோம். படித்து முடித்ததும் மோதிரத்தைக் கழற்றுக. ஓலை கொணர்ந்த வீரன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.