கிளாவர் ரெண்டு

சேஜ் வெல்ஸ், நெவாடா
நவம்பர் 23, சனிக்கிழமை

அன்பு மகள் கோரலீக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, நாய், மலையிலிருந்து இறங்கி வந்த மாடுகள், என் வலது காலில் கிடக்கும் மாவுக்கட்டு எல்லோரும் சுகம். பாஸ்டனில் நீயும் குளிருக்குத் தக்கபடி உடுத்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்க ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். உறை தடிமனாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே கண்ணு, கெட்ட செய்தி ஒன்றும் இல்லை, சந்தோஷத்தில் கை நிற்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும் உன் அம்மா, தனியாக உட்கார்ந்து என்ன சிரிப்பு என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். வரி அலுவலகத்துக்குப் புகார் எழுதுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் வழக்கமாகச் செய்கிற வேலைதானே, நம்பிவிட்டாள்.

நீ வீட்டுப் படி ஏறி இரண்டு வருஷம் ஆகிறது. அந்த நன்றித் திருநாள் அன்று வான்கோழியை வெட்டி வைத்துவிட்டு நாம் நீதிபதிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கவே கூடாது. எதிரே நிற்கிற மனுஷனின் கஷ்டத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நீ சொன்னாய், முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கு நீதிபதி எதற்கு, அதைத்தான் ஊரெல்லாம் செய்கிறதே என்று உன் அம்மா சொன்னாள். அதற்குமேல் நீ எழுந்து நின்றுகொண்டு, "உங்க ஆளுங்களுக்குச் சட்டம் உங்க பக்கம் நிக்கிற வரைக்கும்தாம்மா சட்டம்" என்று சொல்லிவிட்டு, பூசணிப் பணியாரத்தை வெட்டுவதற்கு முன்பே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அந்த ஒரு பேச்சை அவள் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இரண்டு வருஷமாக வாயில் வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் அன்று போனில் இரண்டு பேரும் பனியைப் பற்றிப் பேசி முடித்துக்கொள்கிறீர்கள். அதனால்தான் இந்த விஷயத்தைப் போனில் சொல்லாமல் எழுதுகிறேன், எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

என் கட்சி உனக்குத் தெரியும். பசு மாட்டைப் படத்தில்கூட உற்றுப் பார்த்திராத ஒரு நீதிபதி சான் பிரான்சிஸ்கோவில் உட்கார்ந்துகொண்டு, என் மலையில் என் மாடு எத்தனை நாள் மேயலாம் என்று சொல்கிறபோது எனக்குப் பற்றிக்கொண்டுதான் வரும். எழுதியிருப்பதைப் படிக்கத்தான் நீதிபதி. புதிதாகச் சட்டம் வேண்டும் என்றால் கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேர்தலில் நிற்கட்டும், நாலு ஊர் சுற்றட்டும், நாய்க்கடி படட்டும். நம் கட்சிக்காரர்களும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. ஓட்டுக் கேட்க வரும்போது கடை மணம் போகாத தொப்பியும் பூட்ஸுமாக வருவார்கள், வாஷிங்டனுக்குப் போனதும் மாடு எந்தப் பக்கம் பால் கொடுக்கும் என்பதுகூட மறந்துவிடும். வரியைக் குறைப்பேன் என்று சத்தியம் செய்தவர்களில் ஒருவரையாவது குறைத்துக் காட்டச் சொல், நான் இந்தக் கட்டோடு எழுந்து ஆடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் நீதிபதி லூயி எச்சவெரியை உனக்கு ஞாபகம் இருக்கும், ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை, வேகமாகக் கார் ஓட்டினவர்கள், வேலிச் சண்டை, கல்யாணம் என்று இருபத்திரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர். தங்கமான மனுஷர், அதுதான் அவரிடம் கோளாறே. யாராவது கண்ணைக் கசக்கினால் போதும், வழக்கைத் தள்ளிவிட்டு மூக்குத் துடைக்கக் கைக்குட்டையும் கொடுப்பார். போன ஈஸ்டருக்கு முந்தின நாள் உன் அம்மா இருபத்தைந்து மைல் வேகத்தில் போக வேண்டிய பள்ளிக்கூடத் தெருவில் நாற்பத்தொன்றில் போய்ப் பிடிபட்டாள். கோர்ட்டில் லூயி அபராதச் சீட்டைப் பார்த்துவிட்டு, "விடு லவோன், பண்டிகை அவசரம், யாருக்குத்தான் இல்ல, வீட்டுக்குப் போ" என்றார். உன் அம்மா போகவில்லை. பலகையில் இருபத்தைந்து என்று எழுதியிருக்கிறது, நான் நாற்பத்தொன்று போனேன், அபராதம் போடு என்று நின்றாள். அவர் மாட்டேன் என்றார். அரைமணி நேரம் தண்டனை கேட்டுச் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தவள், நேரே மாவட்ட அலுவலகத்துக்குப் போய் லூயிக்கு எதிராகத் தேர்தலில் நிற்க மனு எழுதிக் கொடுத்துவிட்டாள். இந்த வேலைக்கு வக்கீல் படிப்பு தேவையில்லை என்று நம் மாநிலத்தில் வைத்திருப்பது வக்கீலான உனக்குத் தெரிந்ததுதான். உனக்குச் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை. ஜெயித்தால் பார்க்கலாம், தோற்றால் அந்தப் பெண்ணிடம் வாயே திறக்காதே என்றாள்.

இனிமேல் சொல்லப்போவதில் முட்டாள் யார் என்று நீ தேட வேண்டாம், உன் அப்பாதான். அக்டோபரில் மாடு ஏற்றும் சரிவுப் பலகையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டதால் நான் தபாலில்தான் ஓட்டுப் போட வேண்டியதாயிற்று. அம்மாவுக்குத் தபால் ஓட்டு என்றாலே பிடிக்காது, தனக்கு வந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரில் போய்த்தான் போட்டாள். என் உறையின் பின்பக்கம் கையெழுத்துப் போடு என்று ஒரு கோடு இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரகசிய ஓட்டு என்று சொல்லிவிட்டு வெளியே என் பெயரை எதற்கு எழுதச் சொல்கிறான்? நான் யாருக்குப் போட்டேன் என்று குறித்து வைத்துக்கொள்ளத்தானே? அரசாங்கத்தை நம்பி நான் என்றைக்குக் கையெழுத்துப் போட்டேன்? கோட்டை வெறுமையாக விட்டு ஒட்டி அனுப்பிவிட்டு, வாஷிங்டனையே ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு வாரம் எனக்குள்ளேயே மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். கையெழுத்து இல்லை, வந்து போட்டுவிட்டுப் போ என்று மாவட்ட அலுவலகத்து டார்லா கடிதம் அனுப்பியிருக்கிறாள். அரசாங்க உறைகளை நான் பிரிப்பதில்லை, அடுப்பு பற்றவைக்கிற பெட்டியில் போட்டுவிட்டேன். மூன்று தடவை போன் வந்தது, தெரியாத எண், எடுக்கவில்லை. அம்மா வேட்பாளர் என்பதால் யார் உறை என்று அவளிடம் சொல்லக் கூடாதாம், டார்லா தேவாலயத்தில் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை படைவீரர் நாள் விடுமுறை. செவ்வாய் மாலை ஐந்து மணியோடு, போய்க் கையெழுத்துப் போடுவதற்கான கெடு முடிந்தது.

புதன்கிழமை காலை முடிவு சொன்னார்கள். லூயிக்கு முந்நூற்றுப் பதினேழு, உன் அம்மாவுக்கு முந்நூற்றுப் பதினேழு. கையெழுத்தில்லாமல் எண்ணப்படாத உறை ஒன்று என்று டார்லா சேர்த்துச் சொன்னபோதுதான் அது யார் உறை என்று எனக்கு உறைத்தது. ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அடுப்புப் பெட்டியைக் கிளறினேன், கடிதம் அடியில் கிடந்தது. உன் அம்மாவிடம் ஒப்புக்கொண்டபோது அவள் என்னைத் திட்டக்கூட இல்லை மகளே, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள், அதற்கு அடித்திருக்கலாம். ரீனோவிலிருந்து வந்த வக்கீல் பையன், நடுவில் விடுமுறை வந்ததைச் சொல்லிப் பெரிய நீதிமன்றத்தில் கேட்டால் ஒருநாள் கொடுத்துவிடுவார்கள், உறையைப் பிரித்தால் நீங்கள்தான் நீதிபதி என்றான். நான் கெஞ்சினேன். அதைவிடக் கூத்து, அன்று சாயங்காலம் லூயியே ஒரு ஆட்டுத் தொடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "தாயே, ஓரின் ஓட்டை எண்ணச் சொல்லு, எனக்கு ஆட்சேபணையே இல்ல. அந்த ஆளு வேற யாருக்குப் போட்டிருப்பான்? எனக்குப் போட்டிருந்தா இந்நேரம் கொட்டகையில மாட்டோட படுத்திருப்பான்" என்றார். அவருடைய சொந்த நாற்காலியைத் தூக்கிக் கொடுக்க வந்திருக்கிறார், பாரேன். உன் அம்மா அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். பிறகு, "செவ்வாய்க்கிழமை அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான் லூயி. நீங்கல்லாம் இளகிப் போறீங்கன்னு ஊரெல்லாம் ஏசிட்டு, எனக்குன்னு வந்ததும் எந்த மூஞ்சியோட போய் இளகுங்கன்னு கேக்கறது? அந்த உறை அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். நான் அவள் பெயருக்குத்தான் போட்டேன் என்று இப்போது லூயியைத் தவிர ஊரில் யாரும் நம்பவும் மாட்டேன் என்கிறார்கள்.

ஓட்டு சமமாகிவிட்டால் குலுக்கல் என்று சட்டம். நம் ஊரில் குலுக்கல் என்றால் சீட்டுக்கட்டு, வேறு எதையும் யாரும் யோசிப்பதுகூட இல்லை. இதிலேதான் வேடிக்கை. மளிகைக் கடை வாசலிலேயே சூதாட்ட இயந்திரம் வைத்திருக்கும் மாநிலத்தில் அறுபத்தாறு வருஷம் இருந்தும் உன் அம்மா ஒரு சீட்டைத் தொட்டதில்லை. நம் வீட்டில் சீட்டுக்கட்டு நுழைந்ததில்லை என்பது உனக்கே தெரியும் (கொட்டகையில் ஒன்று உண்டு, அதை நீ படித்ததும் மறந்துவிடு). போன வியாழன் பகலில் மாவட்ட அலுவலகத்தில் ஊரே கூடிவிட்டது, மதுக்கடையைப் பூட்டிவிட்டு அங்கிருந்தவர்களும் வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு, பெரிய சீட்டு ஜெயிக்கும் என்றாள் டார்லா. அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டாள் அம்மா. எங்கேயும் இல்லை. அப்படியானால் எழுதுவோம் என்று, தானே பேனாவை எடுத்து எழுதினாள். இருவரும் ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும், எவருடைய சீட்டில் பெரிய எண் அச்சிடப்பட்டிருக்கிறதோ அவரே வென்றவர். அம்மா கையெழுத்துப் போட்டாள். லூயி தன் கோர்ட்டுக் காகிதங்களில் போடுகிற மாதிரியே படிக்காமல் போட்டார். டார்லா முத்திரை குத்தினாள். பிறந்ததிலிருந்து சீட்டாடுகிற ஜனம், விதியைப் போய் யார் படிப்பார்கள்?

ஷெரீப் புதுக்கட்டைப் பிரித்துக் கலைத்து மேஜையில் விசிறியாக விரித்தார். அம்மா சூடான வாணலியைத் தொடுவது போல ஒரு விரலால் ஒன்றை இழுத்தாள். கிளாவர் ரெண்டு. கூடம் முழுக்க ஐயோ என்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டு நல்லதா ஓரின்?" என்று கேட்டாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. லூயி எடுத்தார், ஆர்ட்டின் ராணி. மதுக்கடைக் கூட்டம் விசில் அடித்தது. உன் அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது, எழுந்து போய் லூயியின் கையைப் பிடித்துக் குலுக்கி, நல்லபடியாக நடத்து, கொஞ்சம் கண்டிப்பாகவும் இரு என்றாள். குரல் உடையவில்லை, ஆனால் காது நுனி சிவந்திருந்தது, அது எனக்குத் தெரியும். எல்லாம் நான் போடாத ஒரு கையெழுத்தால் வந்தது என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதிவுக்காக டார்லா அந்தக் காகிதத்தை உரக்கப் படித்தாள். லூயி தலையை நிமிர்த்தி, "நில்லு, அதை மறுபடி படி" என்றார். மறுபடி படித்தாள். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கையிலிருந்த ராணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எண் எங்கே இருக்கு? எழுத்துதான் இருக்கு, பொம்பளை படம் இருக்கு. அந்தச் சீட்டுல ரெண்டுன்னு அச்சடிச்சிருக்கான். ஜெயிச்சது லவோன்" என்றார். ராணி பெரிது என்று பச்சைக் குழந்தைக்குத் தெரியும் என்று கூட்டம் கத்தியது. உன் அம்மா குறுக்கே வந்து, "இல்ல லூயி, நான் நெனச்சது..." என்று ஆரம்பித்தாள். "நீ என்ன நெனச்சேன்னு இங்க எவன் கேட்டான்? என்ன எழுதினேங்கறதுதான் கேள்வி!" என்றார் லூயி. கோரலீ, அந்தக் கூடம் சிரித்த சிரிப்பில் ஷெரீப் சுவரைப் பிடித்துக்கொண்டார், டார்லா முத்திரையைக் கீழே போட்டுவிட்டாள், நான் ஊன்றுகோலைத் தவறவிட்டு நாற்காலியோடு சாய்ந்தேன். சிரிப்பு அடங்கியதும் லூயி கூட்டத்தைப் பார்த்து, "போன வாரம் புருஷன் ஓட்டையே வேணாம்னு தள்ளினவ இவ. இந்த ராணி இவ கையில வந்து, ரெண்டு எனக்கு வந்திருந்தா, இவ இந்நேரம் எனக்கு நாற்காலியக் கொடுத்துட்டு வீட்டுக்கு நடந்திருப்பா. இல்லேன்னு ஒருத்தன் சொல்லுங்கடா பாப்போம்" என்றார். விசில் அடித்தவனே தொப்பியைக் கழற்றிவிட்டான். லூயி தோல்வியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார், இந்தத் தடவை முழுதும் படித்துவிட்டு.

வீட்டுக்கு வரும் வழியில் பத்து மைல் அவள் இருபத்தைந்துக்கு மேல் போகவில்லை, பின்னால் லாரிகள் ஊதிக்கொண்டே வந்தன. பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு, வண்டியை ஓரம் கட்டுகிற அளவுக்கு. நாற்பது வருஷத்தில் நான் பார்க்காத சிரிப்பு. சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் பீற்றிக்கொண்டு எழுதாதே என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். நீ அன்று சொன்ன பேச்சு எங்கள் கட்சியில் பல பேருக்குப் பொருந்தும், உங்கள் கட்சியிலும் ஆள் காட்டுகிறேன். உன் அம்மாவுக்குப் பொருந்தாது மகளே. உன்னோடு எதில் வேண்டுமானாலும் இனிமேலும் சண்டை போடுவேன், இதில் மட்டும் நீ தப்பு.

உன் வேலை சிறக்கட்டும், நீ யாருக்காக வாதாடுகிறாயோ அவர்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் உனக்கு அமையட்டும். ஜனவரி ஆறாம் தேதி திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பதவியேற்பு. ரீனோவில் வண்டி எடுத்தால் டயருக்குச் சங்கிலி கேட்டு வாங்கு, கணவாயில் பனி முழங்கால் அளவு இருக்கும். சத்தியம் செய்யும்போது பைபிளை ஒருவர் ஏந்திப் பிடிக்க வேண்டும் அல்லவா, அது நான்தான் என்று நினைத்துக் கோட்டைக்கூடத் தேய்க்கக் கொடுத்துவிட்டேன். நேற்று டார்லா படிவத்தைக் காட்டினாள். அந்த இடத்தில் அம்மா பேனாவால் உன் பெயரை எழுதியிருக்கிறாள். உன்னைக் கேட்டாளா என்றேன், கேட்கவில்லையாம். பாஸ்டனிலிருந்து வர முடியாமல் போனால் என்ன செய்வது, மாற்றுக்கு இன்னொரு பெயரும் போட்டு வைக்கலாமே என்று டார்லா சொல்லியிருக்கிறாள். உன் அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடிவிட்டாளாம்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
ஓரின் டாக்கெட்